சங்கீதத்தில் வந்த என் எதிரிகள்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், மோர்டென்ஸ்ருட்டில் ரயில் ஏறி ஒஸ்லோ நகரத்துக்குள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நான், ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் செத்துப்போகத் தொடங்கினேன். வாரத்தில் மூன்று தடவையாவது சாவேன். நெஞ்சு இறுகும், கை குளிரும், மனைவி மறுமணம் செய்வாளா என்பதுவரை யோசனை ஓடும். டொக்டர் எல்லாவற்றையும் பரிசோதித்துவிட்டு இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரே, எதையோ மறைக்கிறார் என்று அவரையும் சந்தேகித்தேன். ரயிலை விட்டு பஸ்ஸில் போனேன், வேலைக்குப் பிந்தினேன். இன்னொரு தரம் பிந்தினால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மருத்துவமனைச் சமையலறையில் என்னோடு உருளைக்கிழங்கு உரித்தவர் ஒரு மன்னார்க் கத்தோலிக்கர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். விஷயத்தைக் கேட்டதும் பைபிளில் வரும் சங்கீதப் பாடல்களின் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்.

"காலமை ஒண்டு வாசியும், மெதுவா. எந்த வரியிலை நெஞ்சு தடக்குதோ, அங்கை நிப்பாட்டிக் கண்ணை மூடி மூச்சைக் கவனியும்."

"அண்ணை, எனக்குத் தலையிலை தண்ணி ஊத்துற யோசனை ஏதும் இருக்கோ?"

"உம்மைச் சேர்க்கிற அளவுக்கு எங்கடை கோயில் என்ன பாவம் செய்தது, ஐசே?"

சைவக்காரியான மனைவிக்குத் தெரியாமல், கடை விளம்பரத் தாளுக்குள் புத்தகத்தை ஒளித்து வாசித்தேன். பக்கத்துக்குப் பக்கம் எதிரிகள். குழி வெட்டுகிறார்கள், வலை விரிக்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் குசுகுசுக்கிறார்கள். பாடியவர் என்னைப்போலச் சரியான சந்தேகப்பிராணி! எதிரி என்ற இடத்தில் வந்து முகங்கள் தாமாகவே உட்கார்ந்தன. மேலாளர், மச்சான், பிறகு புத்தகம் தந்த மன்னார்க்காரர்.

இரண்டு நாள் கழித்து அவர் கேட்டார்: "எதிரி எண்ட இடத்திலை ஆருடைய முகம் வந்தது?"

கையிலிருந்த கிழங்கை நெல்லிக்காய் அளவாகும்வரை உரித்தேன். "உங்கடைதான், அண்ணை."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எனக்கு ஒரு வருசமா உம்மடை முகம் வந்தது. நான் கேட்ட வேலைநேரத்தை உமக்கெல்லோ குடுத்தவை! பிறகுதான் விளங்கினது, வலை விரிக்கிறவன் உள்ளுக்கை இருக்கிறான். அவன் கதைக்கட்டும். நீர் ஓடாமல் கேட்டுக்கொண்டிரும். ஜெபம் எண்டால் எனக்கு அவ்வளவுதான்."

நான் நம்பவில்லை. ஆனால் திங்கட்கிழமை பஸ் கண்முன்னே போய்விட்டது. வேலை போகும் பயம் சாகும் பயத்தை முந்தியது, ரயில் ஏறினேன். சுரங்கம் வந்ததும் உள்ளே இருப்பவன் தொடங்கினான்: இன்றைக்கு முடிந்தது, இனி உன் செத்தவீடுதான். கண்ணை மூடிக் கேட்டேன். யார் யார் வருவார்கள், யார் அழுவதுபோல நடிப்பார்கள், என் ஜக்கெட்டை யார் எடுப்பார்கள் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே போனான். குரல் அச்சொட்டாக என்னுடையது. இப்படி ஒரு அலட்டல்காரனோடா இத்தனை வருடம் குடியிருந்தேன்? வியர்த்துக் கொட்டியது, கை விறைத்தது. அவன் எட்டாம் நாள் செலவுச் சாப்பாடுவரை வருவதற்குள் மூன்று நிலையங்கள் கடந்து, நான் இறங்கும் இடம் வந்துவிட்டது.

சமையலறைக்குள் நேரத்துக்கு நுழைந்தேன். மன்னார்க்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கத்தியை நீட்டினார். ஒன்றுமே கேட்கவில்லை. ஒன்றும் கேட்காத ஆளை எப்படி நம்புவது?