சக்கை தின்ற மாடு

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் நான் மாட்டு டாக்டராகச் சேர்ந்த புதிது. எழுபதுகளின் தொடக்கம். மாதா கோயிலில் மணியடிப்பவர் ஆள் அனுப்பினார். பூசைக்குத் திராட்சை ரசம் பிழிவதும் அவர்தான். ஒல்லியான ஆள், முழங்கை வரை ஊதாக்கறை. சாணியைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்.

ரசம் பிழிந்த சக்கையைத் தின்றதிலிருந்து, அவர் புதிதாக வாங்கிய பசு அசைபோடவில்லை. கிழட்டுப் பசுவோ அதே சக்கையைத் தின்று நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

நான் படித்ததையெல்லாம் கொட்டினேன்: "மாட்டு வயித்துல கண்ணுக்குத் தெரியாத கோடி உயிருங்க இருக்கு. பழகாத சக்கையைத் திடீர்னு போட்டா அதுங்க செத்துடும். சக்கையை நிறுத்துங்க."

"அப்படிங்களா சார்" என்று பயபக்தியாகக் கேட்டவர், கிழட்டுப் பசுவின் வாய்க்குள் கையை விட்டு, அசைபோட்ட உருண்டையை எடுத்துப் புதுப்பசுவின் வாயில் திணித்தார்.

"என்ன பண்றீங்க?"

"நீங்க சொன்ன உயிருங்களத்தானுங்க, இந்த வூட்டுல இருந்து அந்த வூட்டுக்கு மாத்தறேன். இதுங்க சக்கைக்குப் பழகினதுங்க. எங்கப்பா காலத்துல இருந்தே இப்படித்தானுங்க."

நான் கொண்டுபோன மருந்து மிக்ஸ்சர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது புதுப்பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. மூடி திறக்காத பாட்டில் மாடத்தில் இருந்தது.

டாக்டர் கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் சொன்னார் அவர். கிண்டலா, மரியாதையா, இன்றுவரை தெரியவில்லை. நானும் மறுக்கவில்லை.