மைதாப் பசையில் ஒட்டிய விசா

குடவாசல் பக்கத்தில் ஒரு உயர்நிலைப்பள்ளியில் நான் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் என் தலையில் விழுந்தது தற்செயல். எங்கள் ஆங்கில ஆசிரியர் ஆடி மாதம் லீவு போட்டார். ஆவணியில் மஸ்கட்டிலிருந்து அவருடைய ராஜினாமாக் கடிதம் வந்தது. அங்கே ஏதோ கம்பெனியில் ஸ்டோர் கீப்பராம். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் லுத்தரன் சபைக் குடும்பம், மிஷன் பள்ளியில் படித்தவள். ஆகவே ஆங்கிலம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று அவர் நினைத்திருந்தார். அப்படியெல்லாம் இல்லை. ஆனால் முடியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. சரி என்று சொல்லிவிட்டு, பிறகு கண்ணில் பட்டவர்கள் மேல் எரிந்து விழுகிற பழக்கம்தான் உண்டு.

பாடப்புத்தகம் பாதிப் பேருக்கு வந்து சேரவில்லை. வந்த புத்தகத்திலும் முதல் பாடம், பனி கொட்டும் ஊரில் ஒரு பையன் கையுறையைத் தொலைத்த கதை. குறுவை அறுப்புக்கு நான்கு நாள் மட்டம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கையுறை என்றால் என்னவென்று விளக்கவே ஒரு பீரியட் போயிற்று. விளக்கி முடித்ததும் ஒருவன், இதைப் போட்டுக்கொண்டு எப்படி டீச்சர் சாப்பிடுவார்கள் என்று கேட்டான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஒருநாள் முன் பெஞ்சில் ஒருத்தி தன் பையைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். யூரியாச் சாக்கைக் கத்தரித்துத் தைத்த பை. அதில் கொட்டை எழுத்தில் ‘யூஸ் நோ ஹுக்ஸ்’ என்று அச்சடித்திருந்தது. அந்தச் சாக்கு இல்லாத வீடே ஊரில் இல்லை. மழை வந்தால் அதைத்தான் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வயலுக்குப் போவார்கள். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. கொக்கி போட்டுத் தூக்காதீர்கள் என்று அர்த்தம் என்றேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், மூட்டை தூக்குகிறவருக்குத்தானே டீச்சர் இது, அவருக்கு எதற்கு இங்கிலீஷில் எழுதினார்கள் என்று கேட்டது. அந்த வருஷம் என் வகுப்பில் எழுந்த முதல் உருப்படியான கேள்வி அதுதான்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஆங்கிலம் அச்சடித்த தாள் எது கிடந்தாலும் கொண்டுவரச் சொன்னேன். அரபு நாட்டில் ஆள் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பால்பவுடர் டின்னின் மேல்தாள், டேப்ரிக்கார்டர் விளக்கப் புத்தகம், விமானத்தில் வந்த பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டு என்று குவித்தார்கள். வெளிநாட்டில் ஆள் இல்லாதவர்கள் பூச்சிமருந்து லேபிளும், புதிதாக வந்திருந்த எஸ்.டி.டி. பூத்தின் ரசீதும் கொண்டுவந்தார்கள். எந்தத் தாளானாலும் நான்கு கேள்வி: யார் எழுதியது, யாருக்கு, எப்போது, எதற்காக? வரலாற்றுக்கு ஆதாரத்தைப் படிக்கிற பழக்கமும் ஆயிற்று, ஆங்கிலமும் ஆயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை. உணவுப் பொருளுக்குப் பக்கத்தில் வைக்காதே என்று லேபிளில் படித்துவிட்டு ஒருவன் வீட்டு அடுப்பங்கரைப் பரணிலிருந்த மருந்து டப்பாவை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றினான் என்று கேள்விப்பட்டபோது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தகவல் வந்தது. திங்கட்கிழமையே வருகிறார். தலைமையாசிரியருக்குக் கற்பித்தல் துணைக்கருவி என்றால் அது சுவரில் தொங்க வேண்டும். பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கினால் இன்னும் உத்தமம். இத்தனை தாளை வைத்துக்கொண்டு ஒரு சார்ட்கூட இல்லையா என்று என்னை ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் கேட்டார். அந்தக் கோபத்தோடு வகுப்புக்குப் போனேன். இருக்கிற தாளையெல்லாம் கொடுங்கள், யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றேன். தந்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை நானே மைதாப் பசை காய்ச்சினேன். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் துளி மயில்துத்தம் போட்டேன். தடித்த அட்டைகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்களை வரிசையாக ஒட்டி, மேலே கலர் பேப்பரில் நான்கு கேள்விகளையும் வெட்டி ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை அதிகாரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சார்ட் முன்னால் நின்று, நிஜமான ஆதாரங்கள், மிக நன்று என்றார். குறிப்பேட்டிலும் எழுதினார். தலைமையாசிரியர் எனக்குக் காபி வரவழைத்தார்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மணி அடித்த பிறகு வகுப்பைத் தாண்டிப் போனேன். ஒரு பெண் பெஞ்சின்மேல் ஏறி நின்று, சார்ட்டின் மூலையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். கடைத்தெருவில் சட்டையும் பள்ளிச் சீருடையும் தைக்கிற டெய்லரின் மகள். அதிகம் பேசாத பெண், கணக்கில் கெட்டி. யாரைக் கேட்டு இதைக் கிழிக்கிறாய் என்று கத்தினேன். அவள் இறங்கவில்லை.

“அது எங்க அத்தாவோட விசா டீச்சர். நாளைக்கு மெட்ராஸுக்கு எடுத்துட்டுப் போகணும்.”

அத்தா என்று அவள் சொன்னது அவள் அப்பாவை, அந்த டெய்லரை. எட்டிப் பார்த்தேன். பால்பவுடர் மேல்தாளுக்கும் டேப்ரிக்கார்டர் படத்துக்கும் நடுவே, ஒரு பக்கம் அரபியும் மறுபக்கம் ஆங்கிலமும் டைப் அடித்து, ஊதா முத்திரை குத்திய தாள். நான்கு மூலையிலும் என் பசை. மெட்ராஸில் ஏஜெண்டின் ஆளிடம் அசல் தாளைக் கொடுத்தால்தான் விமான டிக்கெட் வரும் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அட்டையை அப்படியே கழற்றிச் சுருட்டாமல் தலைமேல் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணோடு கடைத்தெருவுக்கு நடந்தேன். அரை நாள் லீவு எழுதிக் கொடுக்கக்கூட நிற்கவில்லை.

டெய்லர் கடை வீட்டின் முன்னறைதான். தையல் மெஷின் இருந்த இடம் காலியாக இருந்தது. மூன்று வருஷம் போகிறோமே, மெஷின் துருப்பிடிக்க வேண்டாம் என்று மனைவியின் தம்பியிடம் கொடுத்துவிட்டாராம். துபாயில் பெரிய தையல் கடையில் வேலை என்று ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. அட்டையைப் பார்த்ததும் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, உட்காருங்க டீச்சர் என்றார்.

பிறகு அட்டையைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிப் பார்த்தார். காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைத்துத் தப்பாக ஒட்டிவிட்ட கேன்வாஸ் துணியைப் பிரிக்கிற வேலைதான் இது என்றார். மனைவியைக் கூப்பிட்டு இஸ்திரிப் பெட்டியில் கரி போடச் சொன்னார். ஈரத் துணியை அட்டையின் முதுகில் விரித்து, பெட்டியை அழுத்தாமல் ஓட்டினார். ஆவி கிளம்பியது. அட்டை ஊறி உப்ப, தையல் பிரிக்கிற பிளேடால் அதைத் தாள் தாளாக உரித்தார். தாளிலிருந்து அட்டையைப் பிரித்தாரே தவிர, அட்டையிலிருந்து தாளைப் பிரிக்கவில்லை. நானும் அந்தப் பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தோம். அரைமணி நேரத்தில் தாள் முழுசாகக் கையில் வந்தது. முத்திரையின் ஒரு ஓரம் லேசாகக் கசிந்திருந்தது, மூலைகளில் மயில்துத்தத்தின் நீலம். மற்றபடி ஒரு எழுத்துக்கும் சேதமில்லை. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன்.

அந்த அம்மா டீ கொண்டுவந்தார். ஏதாவது உபயோகமாகச் செய்வோம் என்று தாளைக் கையில் எடுத்து, அவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இது பெயர், இது பாஸ்போர்ட் எண், இது பிறந்த தேதி, இது வேலை. அந்த வரியில் நின்றுவிட்டேன். ‘ஷெப்பர்ட்’ என்று போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில், ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமக்கும் படத்தோடு ஐந்து வயதில் நான் படித்த சொல். மூன்று தடவை பார்த்தேன். வேறு எப்படியும் வாசிக்க முடியவில்லை.

“ஆடு மேய்க்கிற வேலைன்னு போட்டிருக்குங்க” என்றேன்.

அவர் கையிலிருந்த பிளேடைக் கீழே வைத்தார். பேசியது அந்தப் பெண்தான்.

“டெய்லர்னு எழுதலைங்கிறது எனக்குத் தெரியும் டீச்சர். என்ன எழுதியிருக்குன்னுதான் தெரியலை. நீங்க படிச்சுச் சொல்லுவீங்கன்னுதான் கொண்டாந்தேன். நீங்க கோவமா இருந்தீங்க.”

அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது. அந்தத் தாளை நான் ஒட்டினேன், தலைமையாசிரியர் பார்த்தார், அதிகாரி பாராட்டினார். யார் எழுதியது, எதற்காக என்று மேலே கலர் பேப்பரில் வெட்டி ஒட்டியது நானேதான். படித்தவர்கள் மூன்று பேர்; படித்துப் பார்த்தவர் யாருமில்லை.

ஏஜெண்ட் டெய்லருக்குத் தூரத்து மச்சான். ஆள் அனுப்பியதும் மொபெட்டில் வந்தார். தாளைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவே இல்லை. எல்லார் தாளிலும் ஏதாவது ஒன்று இப்படித்தான் இருக்கும், போய் இறங்கியதும் தையல் கடைக்கு மாற்றிவிடலாம் என்றார். அதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தோட்டக்காரர் விசாவில் போய் மளிகைக் கடையில் நிற்கிறவரை எனக்கே தெரியும். தோட்டக்காரர் விசாவில் போய்த் திரும்பிவந்து, என்ன வேலை பார்த்தேன் என்று வாயே திறக்காதவரையும் தெரியும். டெய்லர் என்னைப் பார்த்தார். எனக்குப் போகச் சொல்லவும் பயம், போக வேண்டாம் என்று சொல்லவும் பயம். நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் மாமா, தையல் வேலைதான் குடுக்கப் போறாங்கன்னா அதையே எழுத வேண்டியதுதானே?” என்று அந்தப் பெண் கேட்டாள். சத்தமில்லாமல், வகுப்பில் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

மச்சான் அவளுக்குப் பதில் சொல்லாமல் அவள் அத்தாவிடம், பொட்டப்பிள்ளை பேச்சைக் கேட்டு வாழ்க்கையைக் கெடுத்துக்காதீங்க என்றார். டெய்லர் தாளை நாலாக மடித்து, மச்சானின் சட்டைப் பையில் வைத்தார். அந்தச் சட்டையும் அவர் தைத்ததுதான். பையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, எனக்கு மெஷின் வேலைதான் தெரியும் மச்சான் என்றார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து பஸ்ஸுக்குப் போகிறபோது அந்தக் கடையில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நின்று கொஞ்ச நேரம் கேட்டேன். இவ்வளவு நிம்மதியாக நான் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டதில்லை.

அதற்குப் பிறகு என் வகுப்பில் பசைக்கு இடமில்லை. அசல் தாள் எதையும் வாங்க மாட்டேன். குடவாசல் போய் ஜெராக்ஸ் எடுத்துக் கயிற்றில் துணிக் கிளிப்பால் மாட்டுவேன், பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில். வகுப்பு சலவைக்கடை மாதிரி இருக்கிறது என்று தலைமையாசிரியர் குறைப்பட்டார். முக்கியமாக, ஒரு தாள் வந்தால் முதலில் நான் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தேன். ஆனால் அந்தப் பெண் மட்டும் அதற்குப் பிறகு எனக்கு ஒரு தாளும் கொண்டுவரவில்லை. ஒரு சோப்பு உறைகூட இல்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நான் நடத்தியதில் அவளுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவும் வாய் வரவில்லை.

அடுத்த வருஷம், அவள் பத்தாவது படிக்கும்போது, பொங்கல் லீவு முடிந்து வந்த அன்று சாப்பாட்டு வேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். அத்தா வெள்ளிக்கிழமை கிளம்புகிறார், ஷார்ஜாவில் தையல் கடை, உங்களிடம் சொல்லிவிட்டு வரச் சொன்னார் என்றாள். எனக்குப் பழைய பயம் அப்படியே திரும்ப வந்தது. எழுந்தே விட்டேன். ஓடிப்போய் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வா, நான் முதலில் பார்க்கிறேன் என்றேன்.

“நானே படிச்சுட்டேன் டீச்சர். டெய்லர்னுதான் போட்டிருக்கு. ரெண்டு வருஷம், சாப்பாடு அவங்களோடது. தெரியாத வார்த்தைக்கு லைப்ரரியில டிக்சனரி பார்த்தேன். அந்தக் கடைக்கே எஸ்.டி.டி. பூத்லேர்ந்து போன் போட்டும் கேட்டாச்சு.”

அப்படியும் என்னிடம் ஒரு தடவை காட்டியிருக்கலாமே என்று கொஞ்சம் வருத்தமாகவே கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தோன்றியது.

“கொண்டாந்தா ஒட்டிருவீங்களே டீச்சர்” என்றாள்.