ஆமை திறந்த ஃபோல்டர்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அந்த அம்மாளின் உண்மைப் பெயர் எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது. "ஆமை" என்றால் தெரியும். மற்றவர்கள் அரைமணியில் முடிக்கிற வேலைக்கு அரைநாள் எடுத்துக்கொள்வதால் வந்த பெயர். அவருக்கு அதில் வருத்தமில்லை. போனை எடுத்தாலே "ஆமை பேசறேன், சொல்லுங்க" என்பார். தையற்கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில், ஒரு மேசையும் ஒரு முக்காலியும் போட்டால் நிறைந்துபோகிற இடத்தில் பதினைந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறார்.

முன்பு ஒரு புகைப்பட ஸ்டுடியோவில் படங்களைத் திருத்தும் வேலையில் இருந்தவர். ஒருநாள் அங்கிருந்த கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. எந்த ஃபோல்டரைத் தொட்டாலும் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்றது. இவர் எங்கோ படித்துத் தெரிந்துகொண்டு, இருந்த எல்லா ஃபோல்டர்களுக்கும் எல்லாருக்கும் முழு அனுமதி என்று ஒரே வீச்சில் மாற்றிவிட்டார். படங்கள் திறந்தன. ஸ்டுடியோவே கைதட்டியது. மூன்று வாரம் கழித்து இன்னொரு வைரஸ் வந்தது. தடுக்க எதுவும் இல்லாததால் பதினோரு வருடப் படங்களையும் ஒரு மதியத்தில் துடைத்துவிட்டுப் போயிற்று. எல்லாரும் வைரஸைத் திட்டினார்கள். இவரை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

"அது கதவை உடைக்கலைங்க. நான்தான் கதவையே கழட்டி வெச்சிருந்தேன்" என்றார் என்னிடம் ஒருமுறை. அந்த வருடம்தான் அவர் ஆமை ஆனார்.

யாரையும் சட்டென்று வியந்து பேசுவது என் வழக்கம் இல்லை. வியப்பின் பாதி, பார்ப்பவனின் அறியாமை என்றே நினைத்துவந்தேன். இவரையும் மெதுவான ஆள் என்பதற்கு மேல் எண்ணியதில்லை, என் தங்கை வீட்டில் அந்த ஒரு நாளைப் பார்க்கும்வரை.

தங்கையின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "கிளட்ச்! கிளட்ச்சை மிதிங்க சார், ரோட்டை இல்ல!" என்று அவர் போடும் சத்தம் அடுத்த தெருவரை கேட்கும். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். அறுவைக்கு முன்னால், பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் ஒரு யோசனை சொன்னார். படுக்கையறையில் நான்கு பக்கமும் போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு, மூன்று வாரம், அறுநூற்று நாற்பது வாக்கியங்களை மாப்பிள்ளை வாசித்துப் பதிவுசெய்தார். அதிலிருந்து ஒரு மென்பொருள் அவர் குரலைப் பிடித்துக்கொண்டது. இப்போது அவர் தட்டச்சு செய்தால் கம்ப்யூட்டர் பேசும். அதே கரகரப்பு, கடைசிச் சொல்லை இழுக்கும் அதே இழுப்பு. அதைக் கேட்ட முதல்நாள் நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

இரண்டு வருடம் ஓடியது. "இதுக்கு ஒரு நகல் எடுத்து வைங்க" என்று தங்கை சொல்லும்போதெல்லாம் "நாளைக்கு" என்று தட்டச்சு செய்தார். பேச்சுப் பயிற்சி நிலையத்தில் மூலப் பதிவுகளை ஒரு வருடத்துக்குமேல் வைத்திருக்க மாட்டார்கள். பிறகு ஒருநாள் இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஒரு சதுரங்க விளையாட்டை இறக்கினார். மறுநாள் காலை கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது.

பெரிய கடையிலிருந்து ஒருவர் வந்து அரைமணியில் வைரஸை நீக்கினார். குரல் இருந்த ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை. அதையும், அதை உள்ளடக்கிய மேல் ஃபோல்டர்களையும் எல்லாருக்கும் திறந்துவிட்டுப் பார்த்தார். மசியவில்லை. "ஃபார்மட் பண்ணிட்டு, குரலை மறுபடி பதிவு பண்ணிக்கலாம் சார்" என்றவர், மாப்பிள்ளையின் கழுத்தில் இருந்த துளையை அப்போதுதான் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, நான் கூப்பிட்டதன்பேரில், ஆமை வந்தார். மாப்பிள்ளை தன் வெள்ளைப் பலகையில் எழுதி நீட்டினார்: "ஆமை புகுந்த வீடு உருப்படாதாமே?"

"ஜப்திக்கு அமீனா வர்றதுக்கு முன்னாடி வந்துட்டேன்ல, சந்தோஷப்படுங்க" என்றார் ஆமை.

முதலில் இணைய இணைப்பைப் பிடுங்கினார். பிறகு வட்டு முழுவதையும் வேறொரு வட்டுக்கு அப்படியே நகலெடுக்கத் தொடங்கினார். இரண்டே முக்கால் மணி நேரம். அதுவரை கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாம்மா?" என்றாள் தங்கை.

"ஆரம்பிச்சாச்சே. நான் தப்பு பண்ணினா திரும்பி வந்து நிக்க ஒரு இடம் வேணும்ல?"

நகல் முடிந்ததும் வைரஸின் மிச்சத்தைத் தேடினார். இருந்தது. மணிக்கு ஒருமுறை விழித்து அந்த ஃபோல்டரை மறுபடி பூட்டிவிட்டுத் தூங்கிப்போகும் சின்னஞ்சிறு நிரல். முந்தையவர் கண்ணில் படவில்லை. அதை எடுத்த பிறகே ஃபோல்டர் பக்கம் போனார்.

ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஓர் உரிமையாளரும், உள்ளே வரலாம் என்பவர்களின் பட்டியலும் உண்டாம். கம்ப்யூட்டர் தனக்கென வைத்திருக்கும் ஃபோல்டர்களுக்கு, அந்தக் கம்ப்யூட்டரை விலைகொடுத்து வாங்கியவர்கூட உரிமையாளர் இல்லை. குரல் இருந்த ஃபோல்டரும் அப்படிப்பட்டது. வைரஸ் அதன் உரிமையாளர் இடத்தில் தன்னை உட்காரவைத்துவிட்டு, மற்ற அனைவரையும் தடைப் பட்டியலில் போட்டிருந்தது. ஆமை தனக்கென்று அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு தொடங்கி, உரிமையை அதன் பெயருக்கு மாற்றி, தடைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுக்கும் முன் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஃபோல்டர் திறந்தது. கோப்புகள் வரிசையாக இருந்தன. தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை எதையோ தட்டச்சு செய்து பார்த்தார். சத்தமே இல்லை. "குரல் ஏற்கப்படவில்லை" என்று ஒரு வரி வந்தது.

"எல்லாருக்கும் திறந்து விட்டுடுங்கம்மா, அப்பவாவது பேசும்" என்றாள் தங்கை.

"அப்படித் திறந்து விட்டதும் ஒரு காரணம், அது பேசாம இருக்கிறதுக்கு." மென்பொருள் எழுதிவைத்திருந்த குறிப்புகளை வரிவரியாகப் படித்தபடியே சொன்னார். "இது ஒருத்தரோட குரல் இல்லையா? யாராவது எடுத்துட்டுப் போய் இவர் மாதிரி பேசி ஊரை ஏமாத்தலாம். அதனால, லிஸ்ட்ல கூடுதலா ஒரு பேர் இருந்தாலும் வாயைத் திறக்காதேன்னு செஞ்சவங்க வெச்சிருக்காங்க. நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க."

பேச்சுப் பயிற்சி தரும் அம்மாளைப் போனில் கூப்பிட்டு, அவருடைய கம்ப்யூட்டரில் அதே ஃபோல்டரின் பட்டியலை வாசிக்கச் சொன்னார். அதில் இரண்டே பெயர்கள்: கம்ப்யூட்டரும் அந்த மென்பொருளும். ஆமை அப்படியே இங்கும் போட்டார். பெரிய கடைக்காரர் மேலே திறந்துவிட்டிருந்தவற்றையும் பழையபடி மூடினார். உரிமையைக் கம்ப்யூட்டருக்கே திருப்பிக் கொடுத்தார். கடைசியில், கூடுதலாக மிஞ்சியிருந்த ஒரே பெயர் அவருடையது.

"உங்க பேரை எடுத்த பிறகும் பேசலைன்னா?" என்று கேட்டாள் தங்கை.

"வைரஸ் கோப்பையே கெடுத்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் என்னால ஆகறது ஒண்ணுமில்லம்மா. பொய் சொல்ல மாட்டேன்."

மாப்பிள்ளையைப் பார்த்தார். "எடுக்கட்டுமா?"

அவர் தலையசைத்தார்.

ஆமை தன் பெயரை நீக்கினார். ஃபோல்டரைத் தொட்டுப் பார்த்தார். "உங்களுக்கு அனுமதி இல்லை" என்றது. அவர் முகத்தில் அப்போது தெரிந்த நிம்மதியை என்னால் இன்றும் முழுக்க விளக்க முடியவில்லை. கைக்கு வந்த அதிகாரத்தை விட்டுவிட வேண்டும் என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். விட்டவர்களைப் பற்றியும் படித்திருக்கிறேன். அவர்களில் பலர், விட்டதையே ஒரு பட்டமாகச் சூட்டிக்கொண்டவர்கள். இவர் மூக்கைச் சொறிந்துகொண்டு, "ம், இப்ப அடிங்க" என்றார்.

மாப்பிள்ளை இரண்டு தடவை அழித்து எழுதினார். பொத்தானை அழுத்தினார்.

"மூணு நாளா நீ மட்டுந்தான் பேசினே" என்றது அவர் குரல், கடைசிச் சொல்லை இழுத்து. "இப்ப என் முறை."

தங்கை அழுதாள், சிரித்தாள், "ஆமா, இனிமே வாய் ஓயாது" என்றாள். ஆமை தன் கணக்கை அழித்தார். காலையில் எடுத்த நகலைத் துடைத்தார். அது வைரஸோடு எடுத்தது, வைத்திருக்கக் கூடாது என்றார். மென்பொருளுக்குள்ளிருந்தே மாப்பிள்ளையின் கையாலேயே புது நகல் ஒன்றை எடுக்கவைத்து, அந்த வட்டை அவரிடமே கொடுத்தார். நோட்டிலிருந்த அந்தப் பக்கத்தைக் கிழித்து அதையும் கொடுத்தார். இந்த வீட்டைப் பற்றி ஆமையிடம் எதுவும் மிச்சமில்லை. மணி நாலரை.

அவரை வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பினேன். தங்கை சமையலறையில் இருந்தாள்.

"என்னங்க, தண்ணி வேணுமா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

விசைகள் தட்டும் ஓசை கேட்டது. "வேண்டாம்."

அவள் டம்ளரைக் கீழே வைக்கும் ஓசை வந்தது.

"தண்ணி வேணுமான்னு கேட்டேன்."

"வேண்டாம்னு சொன்னேனே."

குழாயைத் திறந்தாள், உடனே மூடிவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

"தண்ணி?"