ஈயம் பிடித்த கை

மலேசியாவில், செனாவாங் தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் சர்க்கியூட் போர்டுகளில் ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் வேலை. காலையிலிருந்து மாலை வரை ஸ்டிக்கர், கனவிலும் ஸ்டிக்கர். பக்கத்துப் பகுதியில் பழுதான போர்டுகளை ஈயம் உருக்கிச் சரிசெய்வார்கள். அங்கே போக ஒரு தேர்வு உண்டு. அதில் தேறாவிட்டால் ஸ்டிக்கரோடேயே என் காலம் கழிந்துவிடும் என்று பயந்தேன்.

சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. லைன் லீடரிடம் கெஞ்சி, வீசப்போகும் போர்டுகளை வாங்கிவந்தேன். எஸ்டேட் வீட்டுச் சமையலறைச் சன்னலைத் திறந்து வைத்து, போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். வீடியோவில் வந்ததெல்லாம் வலக்கைகள். ஈயம் உருக்கும் சோல்டரிங் அயர்னை நானும் வலக்கையில்தான் பிடித்தேன்.

நானோ பிறவியிலேயே இடக்கைக்காரி. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அதை யார் சும்மா விட்டார்கள்? இடக்கையை நீட்டினால் பூசாரி திருநீறு தரமாட்டார். சோற்றில் இடக்கை பட்டால் அம்மாவிடம் அடி விழும். "சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியல? நாளைக்கு என்னைத்தான லா கேப்பாங்க, பிள்ளைய வளத்த லட்சணமான்னு!" பள்ளிக்கூடம் போவதற்குள் எழுத்தும் வலக்கைக்கு மாறிவிட்டது. புதிதாக எதைத் தொட்டாலும் வலக்கைதான் முந்தும். ஈயத்துக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

கை நடுங்கியது. ஈயம் சீடை மாதிரி உருண்டு நின்றது. இது நமக்கு வராது என்று முடிவே கட்டிவிட்டேன். ஆனால் தேர்வுக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. பின்வாங்க ரோஷம் விடவில்லை.

தேர்வு வைத்தவர் மூத்த டெக்னீஷியன், ஒரு மலாய்க்கார அக்கா. ஒரு வரிசை முழுக்கப் பற்றவைக்க வேண்டும். முதல் இணைப்பு சொதப்பல், இரண்டாவதும் அப்படியே. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. போனால் போகட்டும் என்று அயர்னை இடக்கைக்கு மாற்றினேன். நடுக்கம் நின்றுவிட்டது. ஈயம் உருகி, வேண்டிய இடத்தில் படிந்து பளபளத்தது.

"அடிக், கிடால் கா?" என்றார். இடக்கைக்காரியா என்று கேட்கிறார். எனக்குத் திருட்டுமுழி.

"யா, கக்," என்று தலையாட்டினேன்.

பிறகு ஏன் இவ்வளவு நேரம் வலக்கையோடு மல்லுக்கட்டினாய் என்று மலாயில் கேட்டார். வீட்டில் அடிப்பார்கள் என்றேன். தன் வீட்டிலும் சாப்பாட்டுக்கு அப்படித்தான் என்று சிரித்தவர், முதல் இரண்டையும் உருக்கி எடுத்துவிட்டு இடக்கையால் மறுபடி செய்யச் சொன்னார்.

செய்தேன். போர்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் அது தானாக வலக்கைக்கு மாறியது. அவரும் வலக்கையாலேயே வாங்கிக்கொண்டார்.

தேறிவிட்டேன். மறுவாரம் புதிய மேசைக்குப் போனபோது அயர்னும் அதன் தாங்கியும் இடப்பக்கமாக வைக்கப்பட்டிருந்தன. சுற்றியிருந்த மேசைகளில் எல்லாம் வலப்பக்கம். எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதுவரை என் இடக்கைக்கு வாகாக யாரும் எதையும் எடுத்து வைத்ததில்லை.