சம்பந்தியை முந்தக் கூடாது

போன வருடம் இதே சைக்கிள் போட்டியிலிருந்து நான் குட்டி யானையில் திரும்பினேன். கடைசியில் வருகிறவனுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து, முடியாதவர்களைச் சைக்கிளோடு அள்ளிப் போட்டுக்கொள்ளும் சின்ன சரக்கு வண்டி அது. மற்ற நாட்களில் தேங்காய் ஏற்றும் வண்டி என்பதால் எங்களையும் அதே பரிவோடுதான் நடத்தியது. இறங்கும்போது டிரைவர், "பரவால்லீங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க" என்றார். ஐம்பதைத் தாண்டியவனை இதைவிட மென்மையாகக் கொல்ல முடியாது.

ஆகவே இந்த வருடம் எனக்கு ஒரே லட்சியம். பதினோரு மணிக்குள் எல்லைக்கோட்டைத் தொட்டு, அங்கே தரும் தகர மெடலைக் கழுத்தில் வாங்கிக்கொள்வது. முதலிடம், இரண்டாமிடமெல்லாம் இன்ஜினியரிங் காலேஜ் பையன்களின் பாடு. அவர்களுக்குத் தொடை இருக்கிறது, வேறு வேலையும் இல்லை. நான் மாதக்கணக்கில் விடிகாலையில் எழுந்து மருதமலை ரோட்டில் பயிற்சி எடுத்திருந்தேன். பயிற்சியின் பெரும்பகுதி ஒரு பேக்கரியில் நடந்தது என்பது உண்மைதான். ஆனாலும் அதுவரை மிதித்துத்தான் போனேன்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கூடினோம். வயிற்றைப் பற்றி எதையும் மறைக்காத ஒரு பனியனில் நான் நின்றுகொண்டிருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் சம்பந்தி. என் மகளுடைய மாமனார், அறுபதைத் தொட்டவர், மகனின் சைக்கிளைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். "நீங்க வாரீங்கன்னு பையன் சொன்னானுங்க. சரி, நாமளும் மிதிச்சுப் பாப்பமேன்னு வந்துட்டனுங்க."

கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தப் பருவத்தில் பெண்ணைப் பெற்றவன் எதிலும் சம்பந்திக்கு அரை அடி பின்னால் இருக்கவேண்டும். பந்தியில் அவர் இலையில் கை வைத்த பிறகு நாம் வைப்பது, அவர் எழுந்த பிறகு எழுவது, போட்டோவில் கொஞ்சம் குனிந்து நிற்பது. சைக்கிளுக்கு என்ன முறை என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. போன் போட்டு மனைவியைக் கேட்டேன். அவளுக்குச் சந்தேகமே இல்லை. "ஏனுங்க, அவிகளத் தாண்டிக் கீண்டிப் போட்டு, புள்ளைக்குப் பொல்லாப்பு வாங்கி வெச்சுராதீங்க."

போட்டி தொடங்கியதும் வாய்க்கால் மேட்டில் எல்லோரும் புழுதியாகிப் பறந்தார்கள். முதல் கரட்டில், அந்தச் சின்னப் பாறைக் குன்றில், ஏறும்போது என் இதயம் காதுக்குள் குடிவந்துவிட்டது. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்த பிடி இருக்கிறதே, மணவறையில்கூட நான் எதையும் அவ்வளவு உறுதியாகப் பற்றியதில்லை. அப்படிப் பிடித்தும் ஒரு கள்ளிப்புதர் என்னை ஏற்றுக்கொண்டது. முள்ளைப் பிடுங்கி முடிப்பதற்குள் சம்பந்தி உட்பட மிச்சமிருந்த எல்லோரும் கடந்துபோயிருந்தார்கள்.

அவரை மறுபடி பார்த்தது இட்டேரியில். இருபுறமும் கிளுவை வேலி, நடுவே அகலமான மண்தடம். ஒரு மாட்டு வண்டியே தாராளமாக அவரை முந்தியிருக்கலாம். அந்த வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். எனக்குக் காலில் இன்னும் தெம்பு இருந்தது, நேரமும் இருந்தது, மெடல் அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் சம்பந்தி இருந்தார்.

நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு நாலு மிதி வேகமாக மிதித்தார், பிறகு தளர்ந்தார். மறுபடி திரும்பினார். நான் தாவர ஆராய்ச்சிக்கு வந்தவனைப் போல வேலியைப் பார்த்தேன். பின்னால் குட்டி யானை உறுமிக்கொண்டே வந்தது. அதே டிரைவர். தலையை நீட்டி, வழிதான் இருக்கிறதே, போகலாமே என்றார். செயினில் ஏதோ கோளாறு என்றேன். செயினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேச்சை விட்டுவிட்டார்.

அடுத்த கரட்டில் இருவரும் இறங்கித் தள்ளினோம். உச்சியில் அவர் நின்றார். பத்தடி தள்ளி நானும் நின்றேன். முன்னால் போகச் சொன்னார். அதெப்படி, நீங்கள்தான் போகவேண்டும் என்றேன். அவர் வற்புறுத்தினார், நான் மறுத்தேன். கல்யாண வீட்டு வாசலில் நடக்கவேண்டிய உபசாரம் பொட்டல் பாறைமேல், கொதிக்கும் வெயிலில், ஹெல்மெட்டோடு நடந்தது. மணி பத்தரையைத் தாண்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் சைக்கிள்மேல் சாய்ந்துகொண்டார்.

"கெண்டைக்கால் புடிச்சு ரொம்ப நேரமாச்சுங்க. நீங்க தாண்டிப் போனா சத்தமில்லாம வண்டியில ஏறிக்கலாம்னு பாக்கறேன், நீங்க போகவே மாட்டேங்கறீங்க. பொண்ணு குடுத்தவரு பாத்துக்கிட்டு இருக்கறப்ப நான் எப்பிடிங்க அதுல ஏறறது?"

நான் அவரை முந்தாமல் காப்பாற்றியதாக நினைத்த மரியாதைதான் அவரை இரண்டு மைல் வதைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"போன வருசம் நான் அதுலதானுங்க வந்தேன். முன்சீட்டுல காத்து நல்லா வருமுங்க."

அவர் டிரைவரைப் பார்த்துக் கை காட்டினார். அவரை ஏற்றி உட்காரவைத்துவிட்டு நான் கிளம்பினேன்.

அந்த வண்டி கடைசி ஆளைத் தாண்டக் கூடாது என்பதும், கடைசி ஆள் நான்தான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. மிச்ச தூரம் முழுக்கச் சம்பந்தி என் பின்புறத்தைப் பார்த்தபடி வரப்போகிறார். அந்தப் பனியனுக்குக் கீழே அணிந்திருந்த கால்சட்டையின் தன்மையை நினைத்துக்கொண்டேன். மிதித்தேன். வாழ்க்கையில் அப்படி மிதித்ததில்லை. ஜன்னல் வழியாக அவர், "மெதுவாங்க, பாத்துங்க, பள்ளமுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லச் சொல்ல வேகம் கூடியது.

எல்லைக்கோட்டுப் பேனரின் ஒரு கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். மறுகயிறு இருக்கும்போதே நுழைந்துவிட்டேன். மேஜையருகே இருந்த பெண் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, மெடலைக் கழுத்தில் மாட்டினாள்.

அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தபோதே மனைவியின் போன். முடித்தேனா, எலும்பெல்லாம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. சம்பந்தி முன்னால் வந்தாரா, பின்னால் வந்தாரா என்றுதான் கேட்டாள்.

"அவரு வண்டியில உக்காந்து வந்தாருங்க அம்மணி. நான் மிதிச்சு வந்தேன்."

"அப்பாடா," என்றாள். "அதானுங்க முறை."