பாறைமேட்டுத் தொய்யக்கீரை

என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். ரத்தம் குறைவு என்று சித்தூர் அரசு மருத்துவமனையில் சொன்னார்கள். அடுத்த மாதமும் ஏறாவிட்டால் பிரசவத்துக்குத் திருச்சூர் போக வேண்டும். "அத்தன தூரம் யாரு வருவாங்க? எனக்கு இங்கயே போதுமுங்க" என்றாள். மாத்திரை போட்டால் பாதி நாள் குமட்டலோடு படுத்திருந்தாள். கீரையும் நிறையச் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள்.

மழை விட்ட காலைகளில் மாந்தோப்புக்குள் போனேன். நெல்லியாம்பதி மலை பாதி தெரிந்தது, பாதி பனிக்குள் இருந்தது. நிழலில், சொட்டுநீர்க் குழாயை ஒட்டி, தொய்யக்கீரை தானாக முளைத்து அகல இலை விட்டிருந்தது. தண்டை ஒடித்தால் நீர் கசிந்தது. எதையும் யோசிக்காமல், தூக்கத்தில் நடப்பவன்போல, மூன்று நாள் பறித்தேன்.

நான்காம் நாள், களை வெட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, எருமை வாங்கியிருக்கீங்களா?"

"இல்லீங்க. ஊட்டுக்காரிக்கு. ரத்தம் பத்தலையாம்."

"அதுக்கு இதையா பறிப்பாங்க? மாமரத்துக்கு விட்ட தண்ணியும் உரமும் குடிச்சு ஊதிக் கெடக்குது. பத்து நாள்ல மருந்தடிச்சா, தொடவே ஆகாது. பாறமேட்டுக்குப் போங்க."

பாறைமேட்டில் நிழலே இல்லை. அதே கீரை அங்கே சிவந்த தண்டும் தடித்த சின்ன இலையுமாக நின்றது. ஒரு கட்டு சேர்ப்பதற்குள் வெயில் முதுகில் ஏறிவிட்டது.

செய்தித்தாள் வேலைப் பழக்கத்தில், பயிர்களை ஆராயும் ஒருவரிடம் விசாரித்தேன். வெயிலில் வளர்ந்த இலையில் சத்து செறிவாக இருக்கலாம், நிழலும் மிதமிஞ்சிய உரமும் இலையைத் தண்ணீரால் நிரப்பும் என்றார். இரும்புச்சத்து மண்ணையும் பொறுத்தது, சோதிக்காமல் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

மனைவி சட்டியில் சோதித்தாள். ஒரே அளவு இரண்டையும் தனித்தனியே வதக்கினாள். தோப்புக்கீரை நீர்விட்டு ஒரு கரண்டியாகச் சுருங்கியது. மேட்டுக்கீரை மூன்று கரண்டி தேறியது.

"தண்ணியத்தான் சொமந்துட்டு வந்திருக்கீங்க" என்று சிரித்தாள். அன்று முதல் தினமும் பாறைமேடுதான். கீரையும் சோறும் முதலில், மாத்திரை பிறகு என்று அவளே வைத்துக்கொண்டாள். குமட்டல் குறைந்தது.

அடுத்த மாதச் சோதனையில் ரத்தம் ஏறியிருந்தது. கீரையாலா, மாத்திரையாலா என்று நர்ஸிடம் கேட்டேன். இரண்டையும் நிறுத்த வேண்டாம் என்றார். மனைவி கேட்டது வேறு: "அப்ப இங்கயே பெத்துக்கலாமுங்களா?"

நர்ஸ் சரியென்று தலையசைத்தார்.

வெளியே வந்ததும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பஸ் வந்து நின்றது. நான் அவளை எழுப்பவில்லை.