பதினாலாம் நாள் மருந்து

அரவேணுவில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் சுகந்தி, முடிக்காக ஆறு அங்கோரா ஆடுகள் வளர்க்கிறாள். பேன் பிடித்து அவை வேலியில் உரசியதில், அடுத்த மாதம் கத்தரிக்க வேண்டிய முடி சிக்காகத் தொடங்கியது. ஆறுக்கும் முதுகில் மருந்து ஊற்றினாள். உரசல் நின்றது.

பதினாலாம் நாள் மறுபடியும் மருந்தை எடுத்தாள்.

"செத்த பேனை மறுக்கா கொல்லப் போறியா புள்ள?" என்று கணவன் நவநீதன் சிரித்தான்.

"பேன்தானுங்க செத்துச்சு. ஈரு சாகாது. நம்ம பாப்பா தலையில பார்த்ததில்லீங்களா?"

கொழுந்து தேடிப் பழகிய விரல்கள் முடியை விலக்கின. புதிதாகப் பொரிந்த பேன் ஒன்று ஊர்ந்தது. நவநீதன் அடுத்த ஆட்டைப் பிடித்துக்கொண்டான்.

கத்தரிக்கும் நாளில் அவனே ஆறையும் தடவிப் பார்த்தான்.

"சுத்தமா இருக்குது. ஆரம்பிக்கலாமா?"

"கழுத்தடியில பார்த்தீங்களா?" என்றாள் சுகந்தி.